பாலறுகு நாளில் வந்த பச்சைத் தண்ணீர்

நான் வேலைக்குச் சேர்ந்த முதல் கிழமையே எங்கள் எஞ்சினியர் என்னைக் கூப்பிட்டு, புத்தூரில் ஒரு கிணற்றை வற்ற வைக்கப் போகிறோம், நீங்களும் வரவேண்டும் என்றார். திருவிழாவுக்குக் கூப்பிடுகிறவர் முகத்தில் இருக்கும் சந்தோஷம் அவர் முகத்தில் இருந்தது. நான் கிணறு என்றால் அள்ளிக் குளிக்கிற இடம் என்று மட்டும் அறிந்தவள். சரி என்று தலையாட்டினேன்.

எழுபதுகளின் நடுப்பகுதி அது. வெளிநாட்டு வெங்காயமும் மிளகாயும் வருவது நின்றுபோயிருந்ததால் யாழ்ப்பாணத்துச் செம்மண்ணில் பொன் விளைந்த காலம். துலா நின்ற கிணறுகளில் எல்லாம் இறைப்பு மிசின் ஏறிவிட்டது. விடிந்தால் வலிகாமம் முழுவதும் தடதடவென்று ஒரே சத்தம். இப்படி இறைத்தால் நிலத்தடி நீர் எத்தனை காலம் தாங்கும், ஒரு கிணறு ஒரு நாளைக்கு எவ்வளவு தரும் என்று அளந்து சொல்வதற்காகத் திறந்ததுதான் எங்கள் கந்தோர். நல்லூரில் ஒரு வாடகை வீடு, ஒரு பழைய ஜீப், ஓர் எஞ்சினியர், அளவெடுக்க இரண்டு பேர். அந்த இரண்டு பேரில் ஒருத்தி நான்.

நான் வடகரைக் கடல்வீட்டுப் பிள்ளை. அப்பா பாய்க்கப்பல் ஓட்டிய தண்டையல். மாமன்மார் எல்லாருக்கும் வள்ளம். பௌதிகம் படித்த பெண் கிணறு அளக்கப் போகிறாள் என்று கேள்விப்பட்டதும் எங்கள் வீட்டில் எழுந்த சிரிப்பு கடற்கரை வரை கேட்டிருக்கும். இவ்வளவு பெரிய தண்ணீரை முன்னால் வைத்துக்கொண்டு ஒரு துவாரத்துக்குள் எட்டிப் பார்க்கப் போகிறாளாம் என்று சின்ன மாமா நாலு வீட்டுக்குப் போய்ச் சொன்னார்.

அளவெடுக்கிற மற்றவர் சாவகச்சேரிக்காரர். என்னைவிட ஒரு வயது மூத்தவர், ஒல்லி, நெடுவல். மாம்பழக் காலத்தில் கந்தோருக்கு வரும்போது இரண்டு கைகளிலும் பையோடுதான் வருவார். எந்த வேலை செய்தாலும் வாய்க்குள் ஏதாவது ஒரு சினிமாப் பாட்டு ஓடிக்கொண்டிருக்கும். நிறுத்துக் கடிகாரத்தைக் கையில் பிடித்திருக்கும்போது மட்டும் பாட்டு நிற்கும். என்னை மிஸ் என்றுதான் கூப்பிடுவார், சின்னப் பள்ளிக்கூடத்து வாத்தியாரம்மாவைக் கூப்பிடுவது மாதிரி.

எஞ்சினியர் நல்லூர்க்காரர். இந்தியாவில் தக்கணப் பக்கம் பயிற்சி எடுத்துக்கொண்டு அப்போதுதான் திரும்பியிருந்தார். அங்கே நிலம் முழுக்க எரிமலைக் குழம்பு படை படையாக வழிந்து ஆறி இறுகிய கறுப்புக் கல். அந்தக் கல்லுக்குள் தண்ணீர் சும்மா ஓடாது. வெடிப்பு இருக்கிற இடத்தில் மட்டும் கசியும். மிசினை வைத்தால் காலைச் சாப்பாட்டுக்கு முன்னரே கிணறு காலியாகிவிடும். பிறகு வேப்பமரத்துக்குக் கீழே குந்தியிருந்து, தண்ணீர் ஊறி ஊறி மேலே வருவதை அளக்க வேண்டியதுதான். என்ன வேகத்தில் ஏறுகிறதோ அதுதான் அந்தக் கிணற்றின் வரத்து. இதை அவர் சொல்லும்போது கேட்க வேண்டும். அந்த ஊரையும் அந்தக் கல்லையும் ஒரு சினிமா நடிகையைப் பற்றிச் சொல்வதுபோலச் சொல்வார். அதில் ஒரு துண்டு அவருடைய மேசையில் கிடந்தது. யார் வந்தாலும் எடுத்துக் கையில் கொடுத்து, பாரத்தைப் பாருங்கோ என்பார்.

எங்கள் நிலம் சுண்ணாம்புக்கல் என்பது அவருக்குத் தெரியாமல் இல்லை. கல் எதுவானாலும் கணக்கு ஒன்றுதான் என்று நம்பினார். நாங்களும் நம்பினோம்.

புத்தூரில் எங்களுக்குக் கிணறு தந்தவர் வெங்காயமும் புகையிலையும் செய்கிற ஒரு தோட்டக்காரர். ஐம்பது வயதிருக்கும். நெஞ்சு நிமிர்ந்த மனிதர். அவர் கிணற்றைத் தந்ததற்கு ஒரு காரணம் இருந்தது. இரண்டு தோட்டமும் ஒரு பனங்கூடலும் தாண்டினால் அவருடைய ஒரே தங்கையின் வீடு. தகப்பனுடைய காணியைப் பிரித்தபோது பழைய கிணறு அண்ணன் பங்கில் வந்தது. தங்கை தன் வளவுக்குள் புதுக்கிணறு வெட்டி மிசினும் வைத்தாள். அன்றிலிருந்து, அவள் தன் தண்ணீரை உறிஞ்சுகிறாள் என்று இவர் சொல்ல, அவர்தான் என் தண்ணீரை இழுக்கிறார் என்று அவள் சொல்ல, இருவரும் முகம் பார்த்துக் கதைத்து வருஷக்கணக்காகிவிட்டது. அந்த மாதம் தங்கையின் மகளுக்குக் கலியாணம். அண்ணனுக்குச் சொல்ல அவள் நேரே போகவில்லை, வேறு ஆளை அனுப்பினாள். தாய்மாமனை அப்படியா கூப்பிடுவது என்று இவர் போகமாட்டேன் என்று சொல்லிவிட்டார். இவ்வளவும் நாங்கள் ஜீப்பை விட்டு இறங்கிச் செம்பில் தண்ணீர் குடித்து முடிப்பதற்குள் எங்களுக்குத் தெரிந்துவிட்டது. யாருடைய தண்ணீர் யாருக்குப் போகிறது என்று அரசாங்கம் அளந்து சொல்லட்டும் என்பதுதான் அவர் எண்ணம்.

மிசினைப் பூட்டினோம். எனக்குத் தண்ணீர் மட்டத்தை அளக்கிற வேலை. இரும்பு நாடாவின் நுனியில் வெண்கட்டியைப் பூசிக் கிணற்றுக்குள் இறக்கினால், நனைந்த இடம் வரைக்கும் வெண்கட்டி கறுத்திருக்கும். அதைப் பார்த்துச் சொல்ல வேண்டும். சாவகச்சேரிக்காரருக்கு வெளியே ஓடுகிற தண்ணீரை அளக்கிற வேலை. முக்கோணமாக வெட்டிய ஒரு தகரத்தை வாய்க்காலுக்குக் குறுக்கே நட்டு, அதன் மேலால் தண்ணீர் எவ்வளவு உயரத்தில் வழிகிறது என்று பார்த்துக்கொண்டு நின்றார். எஞ்சினியர் கிணறு காலியாகும் நேரத்தைத் தன் மனதில் குறித்து வைத்துக்கொண்டு பூவரசுக்குக் கீழே கதிரை போட்டு இருந்தார்.

கிணறு ஒரு சாண் இறங்கியது. பிறகு நின்றுவிட்டது. நான் நாடாவை இறக்குகிறேன், எடுக்கிறேன், துடைக்கிறேன், வெண்கட்டி பூசுகிறேன், இறக்குகிறேன். அதே இடம். எஞ்சினியர் எழுந்து வந்து தானே இறக்கிப் பார்த்தார். அதே இடம். கிணற்றின் மற்றப் பக்கத்துக்குப் போய் அங்கிருந்து இறக்கிப் பார்த்தார். கிணற்றுக்கு எந்தப் பக்கமாக இருந்தால் என்ன.

இரண்டாவது மிசின் வந்தது. ஒரு விரற்கடை இறங்கி நின்றது.

அதற்குள் செய்தி பரவி, சுற்றியிருந்த தோட்டக்காரர்கள் எல்லாம் வேலியோரம் வந்துவிட்டார்கள். கிணறு தோற்குமா கந்தோர் தோற்குமா என்று பார்க்க வந்தவர்கள், கொஞ்ச நேரத்தில் தாங்களும் பந்தயத்தில் சேர்ந்துவிட்டார்கள். ஒருவர் தன் மிசினை வண்டிலில் ஏற்றிக்கொண்டு வந்தார். அதைப் பார்த்து இன்னொருவர் தன்னுடையது அதைவிட இழுக்கும் என்று சொல்லி அதைக் கொண்டுவந்தார். மதியத்துக்குள் அந்தக் கிணற்றைச் சுற்றி மிசின்கள் பால் குடிக்கிற பன்றிக்குட்டிகள் மாதிரி வரிசையாக நின்றன. எத்தனை என்று யாருக்குத் தெரியும். காது அடைத்துப்போய், நாங்கள் கையைக் காட்டித்தான் கதைத்தோம். வாய்க்கால்கள் எல்லாம் நிரம்பி வழிந்தன. வெங்காயப் பாத்திகள் குடித்து முடித்து வேண்டாம் என்றன. மிஞ்சிய தண்ணீர் ஒழுங்கையில் இறங்கி, மாரிகாலம் போலச் சிவப்பாக ஓடியது. பெண்கள் பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சிரித்தபடி நடந்தார்கள். ஒரு குழாய் கழன்று, எஞ்சினியரைச் சப்பாத்திலிருந்து தலைமயிர் வரை நனைத்தது. அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, இன்னும் யாரிடமாவது மிசின் இருக்கிறதா என்று கேட்டார்.

அந்த நேரத்தில்தான் வாய்க்காலில் நட்டிருந்த தகரத்தை வெள்ளம் பிடுங்கிக்கொண்டு போனது. சாவகச்சேரிக்காரர் அதைப் பிடிக்கப் பாத்திகளுக்கு ஊடாகத் தாவித் தாவி ஓடினார். நான் உதவிக்கு ஓடினேன். எங்கே சறுக்கியது என்று தெரியவில்லை, செஞ்சேற்றுக்குள் பொத்தென்று இருந்துவிட்டேன். என் வெள்ளைச் சேலை இடுப்பு வரை செங்கல் நிறம். அவர் தகரத்தை நெஞ்சோடு அணைத்தபடி திரும்பி வந்து என்னைப் பார்த்தார். முகம் கோணியது, உதடு துடித்தது, ஆனால் சிரிக்கவில்லை. நான் சிரிக்கத் தொடங்கிய பிறகுதான் சிரித்தார். அப்புறம் அவரால் நிறுத்த முடியவில்லை. கைகொடுத்துத் தூக்கிவிட வேண்டிய ஆள், தானும் வாய்க்கால் வரம்பில் இருந்து தகரத்தைத் தட்டித் தட்டிச் சிரித்தார்.

பின்னேரம் ஒவ்வொரு மிசினாக இருமி இருமி அடங்கியது. கிணறு வற்றவில்லை. மண்ணெண்ணெய்தான் வற்றியது. தோட்டக்காரர் கிணற்றுக்கட்டில் கையை ஊன்றிக்கொண்டு ஊரைப் பார்த்து நின்றார். தேர் இழுத்து முடித்தவர் மாதிரி இருந்தது.

இடையில் எஞ்சினியர் ஒரு காரியம் செய்திருந்தார். இங்கே இவ்வளவு இறைக்கும்போது தங்கை வீட்டுக் கிணற்றில் ஏதாவது மாற்றம் தெரிகிறதா என்று பார்க்க என்னை அனுப்பினார். அந்த வீட்டுப் படலையைத் திறந்தது கலியாணப் பெண். என் சேலையின் கோலத்தைப் பார்த்துவிட்டு, ஒரு கேள்வியும் கேட்காமல் தன் பாவாடை ஒன்றைக் கொண்டுவந்து தந்தாள். நாடாவை இறக்கியபோது தானும் எட்டிப் பார்த்தாள். தண்ணீர் இரண்டு விரற்கடை இறங்கியிருந்தது. அங்கே அன்று மிசின் போடவே இல்லை. இதைச் சொன்னதும் தாயார் குசினியிலிருந்து வெளியே வந்தார்.

"பார்த்தியளே பிள்ளை. நான் சொன்னா ஒருத்தரும் நம்பேல்லை. என்ரை தண்ணியைத்தான் அவர் இழுக்கிறார்."

நான் திரும்பிப் போய் இதைச் சொல்ல, அண்ணனும் துள்ளி எழுந்தார். இரண்டு கிணற்றுக்கும் தொடுப்பு இருக்கிறது என்றால் அவள் தன்னுடையதைக் குடிக்கிறாள் என்றுதானே அர்த்தம் என்றார். ஒரே அளவு இரண்டு பேரையும் ஒரே நாளில் வெல்லவைத்ததை நான் அன்றுதான் பார்த்தேன்.

எந்தப் பக்கத்திலிருந்து எந்தப் பக்கம் ஓடுகிறது என்று அறிய ஒரு வழிதான் உண்டு, சாயம் விட்டுப் பார்க்க வேண்டும் என்றார் எஞ்சினியர். தக்கணத்திலிருந்து வரும்போது ஒரு பேணி சாயத்தூள் கொண்டுவந்திருந்தார். அங்கே ஒரு கிணற்றில் இரண்டு கரண்டி போட்டுவிட்டு மாதக்கணக்காகக் காத்திருந்தார்களாம். பக்கத்துக் கிணற்றில் கடைசியாக வந்ததும், வந்ததா வரவில்லையா என்று நாலு பேர் சண்டை பிடிக்கிற அளவுக்குத்தான் நிறம் தெரிந்ததாம். அதனால் இங்கே தாராளமாகவே போடுவோம் என்றார். கிணறும் பெரிய கிணறு. முழுப் பேணியையும் போடுவது என்று முடிவாயிற்று.

அதற்கிடையில் நாங்கள் பல நாட்கள் புத்தூருக்குப் போய் வந்தோம். சுற்றியிருந்த கிணறுகளில் எல்லாம் மட்டம் எடுத்தோம். தங்கை வீட்டுக்கும் போவோம். கலியாணப் பெண் பலகாரம் சுட்டுக்கொண்டே கையைத் துடைத்துவிட்டு வந்து நாடாவைப் பிடிப்பாள். கடைசியில் அவளுடைய தாயார் வெற்றிலைத் தட்டோடு வந்து எங்கள் மூன்று பேரையும் கலியாணத்துக்குச் சொன்னார். சொந்த அண்ணனுக்கு நேரே போய்ச் சொல்லாத மனுசி, நாடா பிடிக்க வந்தவர்களுக்குத் தட்டோடு சொன்னார்.

சாயம் விட்டது கலியாணத்துக்கு முதல் நாள். பேணியைத் திறந்தபோது உள்ளே இருந்தது பச்சை அல்ல. நல்ல இடித்த மிளகாய்த்தூள் மாதிரிச் சிவப்பு. தோட்டக்காரர் மூக்கைக் கிட்டக் கொண்டுபோய் மணந்து பார்த்தார். எஞ்சினியர் பேணியை என் கையில் தந்தார். நான் கிணற்றுக்கட்டில் குனிந்து மெல்லச் சரித்தேன். சிவப்புத் தூள் தண்ணீரைத் தொட்ட இடத்தில் ஒரு பச்சை நூல் பிறந்தது. நூல் கயிறானது. கயிறு புகைபோல விரிந்தது. வெயில் நேரே உள்ளே விழுகிற நேரம், அதனால் அது சாதாரணப் பச்சையாக இல்லை. கிளிக்குஞ்சுப் பச்சை, உள்ளுக்குள் விளக்கு வைத்த பச்சை. நாங்கள் எல்லாரும் தலையோடு தலை முட்டக் கிணற்றுக்குள் பார்த்துக்கொண்டு நின்றோம். யாரோ சிரிக்கத் தொடங்கினார்கள். கிணற்றுக்குள் இருந்தும் சிரிப்பு வந்தது. அவ்வளவுதான், ஏன் என்று தெரியாமல் எல்லாரும் சிரித்தோம்.

தோட்டக்காரருக்கு மட்டும் கொஞ்சம் பயம். உந்தச் சாமான் நஞ்சோ என்று கேட்டார். எஞ்சினியர் ஒரு வாளி அள்ளி, மூக்குப்பேணியில் விட்டு, மடமடவென்று குடித்துக் காட்டினார். அன்று முழுவதும் அவர் வாயைத் திறந்தபோதெல்லாம் நாக்குப் பச்சையாக இருந்தது. அதை யாரும் அவருக்குச் சொல்லவில்லை.

இனி ஒவ்வொரு கிழமையும் வந்து சுற்றுக் கிணறுகளில் தண்ணீர் எடுத்துப் பார்ப்போம் என்றார். அந்தக் கலியாணப் பெண்ணும் மாப்பிள்ளையும் தங்கள் முதல் தீபாவளியைக் கொண்டாடுவதற்குள் தங்கை வீட்டுக்குச் சாயம் வந்தால் அது எங்கள் அதிஷ்டம். அதற்காக வாங்கிய போத்தல்களைத் தோட்டக்காரருடைய மிசின் கொட்டிலில் அடுக்கிவிட்டு வீடு போனோம்.

மறுநாள் காலையில் நான் பட்டுச்சேலை கட்டி, பஸ்ஸில் புத்தூருக்கு வந்து இறங்கினேன். கலியாண வீட்டில் பாலறுகு வைக்கிற நேரம். பாலுக்குள் அறுகம்புல்லும் காசும் போட்டுப் பெரியவர்கள் ஒவ்வொருவராகப் பெண்ணின் தலையில் வைப்பார்கள். பிறகு கிணற்றடியில் முழுகவார்ப்பார்கள். அந்த வீட்டு வழக்கப்படி முதலில் தேங்காய் உடைத்துப் பாலறுகு வைக்க வேண்டியவர் தாய்மாமன். அவர் வரவில்லை. அவருக்குப் பதிலாகத் தூரத்துச் சொந்தத்தில் ஒருவரை நிறுத்தியிருந்தார்கள். அந்த மனிதர் தான் பிழையான இடத்தில் நிற்பதை அறிந்தவர் போல நெளிந்துகொண்டு நின்றார். பெண் வெள்ளைத்துணி உடுத்து மணைப்பலகையில் இருந்தாள். முகத்தில் சிரிப்பு இருந்தது, ஆனால் கண் அடிக்கடி படலைக்குப் போய்வந்தது.

முழுக வார்ப்பதற்குத் தண்ணீரை முதலிலேயே நிறைத்து வைப்போம் என்று ஒரு சின்னம்மா வாளியைக் கிணற்றுக்குள் விட்டார். இழுத்தார். கட்டில் வைத்தார். பிறகு அசையாமல் நின்றார். பக்கத்தில் நின்ற பெண்கள் எட்டிப் பார்த்தார்கள். கதை ஒவ்வொரு வாயாக நின்றுகொண்டு வந்தது. நாதஸ்வரக்காரர் மட்டும் விஷயம் தெரியாமல் ஊதிக்கொண்டிருந்தார். அபசகுனம் என்ற சொல்லை யாரோ மெல்லச் சொன்னார்கள்.

நான் பின்னால் நின்றேன். பெண்களுக்கு நடுவில் ஒரு இடைவெளி கிடைத்தது. வாளியின் விளிம்பில் வெயில் பட்டு, உள்ளிருந்து கிளிக்குஞ்சுப் பச்சை எழும்பிக்கொண்டிருந்தது.

பந்தலின் மற்றக் கரையில் சாவகச்சேரிக்காரர் பட்டு வேட்டியோடு நின்றார். அவரும் பார்த்துவிட்டார். நாங்கள் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பாய்ந்தோம். அவர் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம் வாளியைப் பிடித்துக்கொண்டு, ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து, வாயைத் திறந்தும் சத்தம் வராமல் சிரித்தோம். ஒரே இரவில் வந்திருக்கிறது. மாதக்கணக்கில் வரவேண்டியது, பனங்கூடலுக்குக் கீழால், இரண்டு தோட்டத்துக்குக் கீழால், ஒரே இரவில். போத்தல் என்று மட்டும் அவர் சொன்னார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு யாருடையதோ சைக்கிளில் ஏறிப் பறந்தார்.

கலியாண வீடு முழுவதும் என்னைப் பார்த்துக்கொண்டு நின்றது. பெண்ணின் தாயார் கிட்ட வந்தார். முகம் வெளுத்திருந்தது.

"என்ன பிள்ளை உது? என்ரை பிள்ளையின்ரை நாளிலை என்ன நடக்குது?"

நான் மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னேன். அது நஞ்சில்லை, சாயம்தான். நேற்று நான்தான் போட்டேன். எங்கே போட்டாய் என்று கேட்டார். உங்கடை அண்ணையின்ரை கிணத்திலை என்றேன். அங்கிருந்து ஓடி வந்திருக்கிறது, இவ்வளவு நாளும் ஓடி வந்துகொண்டுதான் இருந்திருக்கிறது, நிறம் இல்லாததால் தெரியவில்லை என்றேன்.

அவர் கிணற்றுக்கட்டில் அப்படியே இருந்துவிட்டார். வாளிக்குள் கையை விட்டு அளைந்தார். விரல் நுனியில் பச்சை ஒழுகியது.

"அண்ணை வரேல்லை," என்றார். "அவற்றை தண்ணி வந்திட்டுது."

ஒரு கிழவி, இந்தத் தண்ணீரில் முழுகவார்க்கக் கூடாது, பக்கத்து வீட்டுக் கிணற்றில் நல்ல பச்சைத்தண்ணியாய் அள்ளி வாருங்கோ என்றார். சொல்லி முடித்த பிறகுதான் தான் சொன்ன சொல் அவருக்கே கேட்டது. பெண் மணையில் இருந்தபடி குலுங்கத் தொடங்கினாள். அழுகிறாள் என்று நினைத்தோம். சிரித்துக்கொண்டிருந்தாள்.

"இதைவிடப் பச்சையாய் எங்கை போய் அள்ளுறது, ஆச்சி? எனக்கு இதுதான் வேணும். இதாலையே வாருங்கோ."

அதே நேரம் பின்பக்கத்திலிருந்து சமையற்காரர் ஒரு நீத்துப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார். காலைச் சாப்பாட்டுக்கு, இருட்டோடு அள்ளிய தண்ணீரில் மா குழைத்து அவித்த புட்டு, இளம் பச்சை நிறத்தில் ஆவி பறந்துகொண்டிருந்தது. ஐந்து கோயில் கலியாணத்துக்குச் சமைத்த தன் கையால் ஒரு கலரும் போடவில்லை என்று அவர் எல்லாரிடமும் சத்தியம் செய்துகொண்டிருந்தார்.

அப்போது படலை படாரென்று திறந்தது. தாய்மாமன். முழங்கால் வரை செம்மண். சாரத்தை மடித்துக் கட்டியிருந்தார், தோளில் மண்வெட்டி. தோட்டத்தில் நின்றவருக்குச் சாவகச்சேரிக்காரர் சைக்கிளில் போகிற போக்கில், தங்கச்சி வீட்டுக் கிணத்துக்கு வந்திட்டுது என்று கத்திவிட்டுப் போத்தல்களை அள்ளப் போயிருக்கிறார். அவ்வளவுதான் அவர் காதில் விழுந்தது. முதல் நாள் தன் கிணற்றுக்குள் போன சிவப்புத் தூள் ஞாபகத்துக்கு வந்திருக்க வேண்டும். பனங்கூடலுக்கு ஊடாக ஒரே ஓட்டமாய் ஓடி வந்திருக்கிறார். மூச்சு வாங்கியபடி தங்கையைத்தான் பார்த்தார்.

"பிள்ளை குடிச்சவளோ?"

தாயார் கிணற்றுக்கட்டிலிருந்து எழும்பினார். எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு அண்ணனுக்கு அவர் சொன்ன முதல் சொல்லை அந்த வீட்டில் நின்ற எல்லாரும் கேட்டோம்.

"குடிச்சா என்ன. உங்கடை தண்ணிதானே."

அவர் மண்வெட்டியை வேலியில் சாத்தினார். தலையைக் குனிந்து தன் காலைப் பார்த்தார், பிறகு படலையைப் பார்த்தார். போய்விடுவார் என்று எனக்குத் தோன்றியது. தங்கை வாளியைத் தூக்கி அவர் காலடியில் ஊற்றினார். "காலைக் கழுவிப்போட்டு வந்து தேங்காயை உடையுங்கோ. நேரம் போகுது," என்றார். அவருக்குப் பதிலாக நின்ற தூரத்துச் சொந்தக்காரர் தேங்காயை நீட்டிய வேகத்தைப் பார்த்தால், தேங்காய் அவர் கையைச் சுட்டுக்கொண்டிருந்தது என்று தோன்றும்.

அவர் தேங்காயை உடைத்தார். இரண்டு கையாலும் பாலறுகை அள்ளி மருமகளின் தலையில் வைத்த வேகத்தில் பாதிப் பால் அவள் மூக்கில் வழிந்தது. அவள் மூக்கைச் சுருக்கிக்கொண்டு அவரை நிமிர்ந்து பார்த்துச் சிரித்தாள். பிறகு கிணற்றடியில் வாளி வாளியாகக் கிளிப்பச்சைத் தண்ணீர் அவள் தலையில் விழுந்தது. வெயிலில் அவள் மேல் சிதறிய ஒவ்வொரு துளியும் தனித்தனியாக மின்னியது. வெள்ளைத்துணி மஞ்சளும் பச்சையுமாக மாறியது. முதலில் தள்ளி நின்ற பெண்கள் ஒவ்வொருவராக வந்து, நானும் ஒருக்கா வார்க்கிறன் என்று வாளியைப் பிடுங்கினார்கள். கடைசியில் யார் யாருக்கு வார்க்கிறார்கள் என்று தெரியவில்லை. என் பட்டுச்சேலையும் தப்பவில்லை.

மாப்பிள்ளை வீட்டார் வந்தபோது பெண்ணின் காது மடலில் கொஞ்சம் மஞ்சள் ஒட்டியிருந்தது. மஞ்சள் பூசியதாக நினைத்துக்கொண்டார்கள். படம் எடுத்தது கறுப்பு வெள்ளையில், அதனால் அதிலும் ஒன்றும் தெரியாது.

எஞ்சினியர் மதியப் பந்திக்குத்தான் வந்து சேர்ந்தார். செய்தியைச் சொன்னதும் நின்ற இடத்திலேயே இரண்டு முறை சுற்றினார். பந்தியில் இருந்தவர் சாப்பிடவில்லை. வாழையிலையில் பருப்பைத் தள்ளிவிட்டு, ரசத்தில் விரலைத் தோய்த்துக் கணக்குப் போட்டார். பரிமாற வந்தவர் அதற்கு மேலே சோற்றைப் போட, தள்ளிவிட்டு மறுபடியும் போட்டார். கறுப்புக் கல்லில் ஊறுகிற தண்ணீருக்கான கணக்கு இங்கே உதவாது என்றார். இது கசிகிற கல்லில்லை, உள்ளே குகையும் வாய்க்காலும் அரித்துவைத்த கல். கிணறு என்று நாங்கள் சொல்வது நிலத்துக்குக் கீழே ஓடுகிற ஆற்றில் வெட்டிய ஒரு யன்னல். அதனால்தான் வற்ற மறுத்தது. படித்ததில் பாதியை இனித் திரும்பப் படிக்க வேண்டும் என்று சொல்லி, பரீட்சையில் முதலாம் பிள்ளையாக வந்தவர் போலப் பூரித்துப்போய் இருந்தார்.

சாப்பாட்டுக்குப் பிறகு ஊரே கிணறு கிணறாக ஓடியது. இன்னும் இரண்டு மூன்று வளவுகளில் பச்சை வந்திருந்தது. வராத வீட்டுக்காரர்களுக்கு மனவருத்தம். ஒருவர் எஞ்சினியரைப் பிடித்து, தானும் அரசாங்கத்துக்கு வரி கட்டுகிறவன், தன்னுடைய கிணற்றுக்கு மட்டும் ஏன் சாயம் வரவில்லை என்று கேட்டார். அடுத்த முறை பார்ப்போம் என்று எஞ்சினியர் வாக்குக் கொடுத்தார்.

அண்ணனும் தங்கையும் அதற்குப் பிறகு சண்டை பிடிக்கவில்லை என்று சொல்ல முடியாது. அடுத்த வருஷமே வேலி விஷயமாக ஒரு பெரிய சண்டை நடந்தது. ஆனால் வாசலில் நின்று முகம் பார்த்துச் சத்தம் போட்டுப் பிடித்த சண்டை என்று கேள்விப்பட்டேன்.

எஞ்சினியர் ஜீப்போடு அங்கேயே தங்கிவிட்டதால், தண்ணீர்ப் போத்தல்களைக் கந்தோரில் சேர்க்கும் வேலை எங்கள் இருவருக்கும் வந்தது. பின்னேர பஸ் நிறைய ஆட்கள். பின்சீட்டில் நெருங்கி இருந்து, போத்தல்களை மடியில் அடுக்கிப் பிடித்துக்கொண்டோம். பஸ் யாழ்ப்பாணப் பக்கம் திரும்பியதும் மேற்கு வெயில் யன்னலால் நேரே உள்ளே விழுந்தது. போத்தல்கள் எல்லாம் ஒன்றாகப் பற்றிக்கொண்டன. பஸ்ஸின் கூரையில் பச்சை வெளிச்சம் ஆடியது. முன்னால் இருந்தவர்கள் ஒவ்வொருவராகத் திரும்பினார்கள். கூடையோடு நின்ற ஒரு அம்மா கண்ணைச் சுருக்கிப் பார்த்துவிட்டு, என்ன சோடா தம்பி, எந்தக் கடையில் விற்கிறது என்று கேட்டார். புத்தூரில் ஒரு கலியாண வீட்டில் சும்மா கொடுக்கிறார்கள் என்று இவர் சொன்னார். அம்மா நம்பிவிட்டார். அடுத்த தரிப்பிடத்தில் இறங்கித் திரும்பிப் போகலாமா என்று யோசித்ததைக் கூடப் பார்த்தேன்.

அவர் வாய்க்குள் ஓடிக்கொண்டிருந்த பாட்டு நின்றது. பிறகு போத்தலைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"மிஸ், உங்கடை வீட்டுக் கிணறு எப்பிடி?"

"கடற்கரைதானே. உப்பு," என்றேன்.

"எங்கடை கிணறு நல்ல தண்ணி," என்றார்.

யாழ்ப்பாணத்தில் ஒரு ஆண்பிள்ளை ஒரு பெண்பிள்ளைக்கு இதைவிட வெளிப்படையாக என்ன சொல்ல முடியும். எனக்குக் காது சுட்டது. யன்னலுக்கு வெளியே பார்த்தேன். பிறகு எங்கள் இரண்டு வீட்டிலும் கிளம்பிய புயல் தனிக் கதை. அது ஒரு வருஷம் அடித்து ஓய்ந்தது. அன்று பஸ்ஸில் அதெல்லாம் எனக்குத் தெரியாது.

"அளந்து பார்த்தால்தான் தெரியும்," என்று யன்னலைப் பார்த்தபடியே சொன்னேன்.

பஸ் ஒரு பள்ளத்தில் விழுந்து எழும்பியது. ஒரு போத்தல் என் மடியிலிருந்து வழுக்கியது. இரண்டு பேரும் ஒன்றாகக் குனிந்து பிடித்தோம். மூடி கழன்று கொஞ்சம் தண்ணீர் எங்கள் இருவர் கையிலும் கொட்டி, விரல்களுக்கு இடையால் பச்சையாக ஒழுகியது. கொண்டக்டர் ரிக்கற் கேட்டுக்கொண்டு முன்னால் வந்து நின்றார். நாங்கள் கையை எடுக்காமல் சிரித்துக்கொண்டிருந்தோம்.